ஒரே செக்கனில் மூன்று பதில்

கமலாதேவி கடைக்குள் வந்ததும் கதிரையில் உட்காரவில்லை. "நாலு மணிக்கு முந்தி நான் குற்றம் செய்யேல்லை எண்டு ஆராவது காட்ட வேணும் அக்கா. இல்லாட்டி என்ரை பேர் பாதுகாப்புக் கந்தோருக்குப் போயிடும்" என்றாள்.

நஜ்முன் நிஸா திறந்து கிடந்த கொம்பியூட்டரை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். திருகோணமலை உட்துறைமுக வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை அவளுடையது. பழுதைத் தேடிப் போன இடங்களில் இரண்டொரு கள்ளத்தையும் கண்டுபிடித்து விட்டதால், பொலிசுக்குக் கொண்டுபோகப் பயந்த சங்கதிகளை அந்த வீதிக்காரர் அவளிடம் கொண்டுவந்தார்கள். 2007ஆம் ஆண்டு, யுத்தகாலம். பயமில்லாத சங்கதி என்று அப்போது என்ன இருந்தது?

அவளுடைய கணவன் அன்ஸார் ஓட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். ஊரில் என்ன நடந்தாலும் முதல் சந்தேகம் அவனுடையதுதான். அது ஒருநாளாவது சரியாக வந்ததாகச் சரித்திரம் இல்லை.

கமலாதேவி வேலை செய்வது நாலு கடை தள்ளி இருந்த கப்பல் முகவர் கந்தோரில். எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்ற பட்டியல் கொழும்புத் தலைமைக் கந்தோரின் கொம்பியூட்டரில் இருந்தது. தினமும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அதற்குள் போவாள். இன்றைக்கு எட்டு ஐந்துக்கு அது அவளை உள்ளே விடவில்லை. ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து தொலைநகல் வந்தது.

"இண்டையிலிருந்து கடவுச்சொல்லுக்குப் பிறகு அடையாள அட்டையின்ரை கடைசி நாலு இலக்கத்தையும் கேக்குதாம். என்ரை பேரிலை கடவுச்சொல் சரியாம், அட்டை இலக்கம் மூண்டு தரமும் பிழையாம். சொந்த அட்டை இலக்கம் தெரியாதவள் இருப்பாளோ? அப்ப நான் கடவுச்சொல்லை வெளியாருக்குக் குடுத்திட்டன் எண்டு எழுதியிருக்கினம். நாலு மணிக்கு மனேஜர் அறிக்கை அனுப்ப வேணும். ஆனால் அக்கா, அட்டை இலக்கத்தை என்னட்டை ஒருதரும் கேக்கவேயில்லை!"

கமலாதேவி கைப்பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். "போன வருசம் அண்ணனை விசாரணைக்கெண்டு கூட்டிக்கொண்டு போனவங்கள். இன்னும் வரேல்லை. அம்மாவுக்கு இப்ப நான் மட்டும்தான்."

"பக்கத்து மேசையில ஆர்?" என்று கேட்டான் அன்ஸார்.

"ஹிஸ்புல்லா."

"அவன்தான்! தோளுக்கு மேலால பார்த்துக் கடவுச்சொல்லைப் பிடிச்சிருக்கான்."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்றாள் நிஸா. "ஓட்டோவை எடுக்க வேணாம். நடந்தே போவம்."

மனேஜர் குணரத்தினத்துக்கு ஐம்பது வயது. கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட். மரியாதையாகத் தேத்தண்ணி வரவழைத்து, கேட்ட உடனே தொலைநகலையும் நீட்டினார். அன்று காலையில் உள்ளே போகப் பார்த்த எல்லாருடைய நேரமும் அதில் இருந்தது. நிஸா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

ஹிஸ்புல்லா எட்டுப் பத்துக்குப் போயிருந்தான். அட்டைக் கேள்விக்குப் பதில் கொடுக்க அவனுக்கு ஒன்பது செக்கன். குணரத்தினம் எட்டு நாற்பதுக்கு, பதினொரு செக்கன். கமலாதேவியின் மூன்று பிழையான பதில்களுக்கும் நேரம் ஒன்றுதான். எட்டு ஐந்து, பன்னிரண்டாவது செக்கன்.

"நீங்க எதால உள்ளுக்குப் போறீங்க?" என்று ஹிஸ்புல்லாவைக் கேட்டாள்.

"கறுப்புத் திரையால. கொழும்பு தந்தது. கேள்வி இங்கிலீசில ஒவ்வொண்டா வரும். கட்டாருக்கு வேலைக்குப் போற யோசனை, அதால இங்கிலீசைப் பழகிறன். கடவுச்சொல் அடிக்கிற நேரம் எழுத்துத் தெரியாது. இண்டைக்கு அட்டை இலக்கம் கேட்டிச்சு, அதை அடிக்கிற நேரமும் எழுத்துத் தெரியேல்ல."

கமலாதேவியின் திரை வேறு. பெயர், கடவுச்சொல் என்று தமிழில் இரண்டு கட்டங்கள், கீழே ஒரு பொத்தான். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்காக இரண்டு வருடத்துக்கு முன் குணரத்தினமே செய்த திரை அது. அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் மலர்ந்தது.

"நீங்க எதால போறீங்க சேர்?"

"நான் செய்த திரையாலைதான். வேறை எதாலை?"

"இண்டைக்கும்?"

"இண்டைக்கும்."

நிஸா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு கமலாதேவியின் கொம்பியூட்டரில் அந்தத் திரையின் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாரையும் அந்த மேசைக்குக் கூப்பிட்டாள்.

"மூணு கேள்வியை வாசிச்சு மூணு பதில் அடிக்க ஒரு செக்கன் காணாது. கள்ளனுக்கும் ரெண்டு கைதான். அப்ப பதில் சொன்னது மனிசர் இல்ல. கேக்கிறது கொழும்பு, சொல்ல வேண்டியது இந்தப் பிள்ளை. நடுவில நிக்கிறது இந்தத் தமிழ்த் திரை. நடுவில நிக்கிறவர்ர வேலை, வாற கேள்வியை அப்படியே ஆளிட்டக் காட்டி, ஆள் சொல்ற பதிலை அதே ஒழுங்கில திருப்பிக் குடுக்கிறது. இந்தத் திரை கேள்வியை வாசிக்கிறதே இல்ல. எழுத்துத் தெரியிற கேள்வி வந்தா பேரைக் குடுக்கும். எழுத்து மறையிற கேள்வி வந்தா கடவுச்சொல்லைக் குடுக்கும். ரெண்டு கேள்வி மட்டும் இருந்த காலத்தில அது சரி."

"அட, வெருகல் பஸ் மாதிரி!" என்றான் அன்ஸார். "செக்பொயின்ட்டில ஆமிக்காரன் கேட்டா, சிங்களம் தெரிஞ்ச கொண்டக்டர் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லுவான். ஒருநாள் 'பையில என்ன' எண்டு கேட்டதுக்கும் ஊர்ப்பேரையே சொன்னான். எல்லாரையும் இறக்கிப்போட்டாங்க."

இந்தத் தடவை நிஸா அவனைத் தடுக்கவில்லை. "அதேதான். அட்டை இலக்கத்தைக் கொழும்பு மறைச்சுக் கேட்டிச்சு. திரை மூணு தரமும் கடவுச்சொல்லையே குடுத்திச்சு. கேட்டனான் எண்டு கொழும்பு சொல்றதும் உண்மை, கேக்கேல்ல எண்டு இந்தப் பிள்ளை சொல்றதும் உண்மை."

ஹிஸ்புல்லா "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். கமலாதேவி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"ஒண்டு மிச்சம் இருக்கு" என்றாள் நிஸா. "இண்டைக்கு இந்தத் திரையால போற எவரும் உள்ளுக்குப் போக ஏலாது. ஆனா சேர் போயிருக்கார். சேர், எங்களுக்கு முன்னால இதால ஒருக்காப் போய்க் காட்டுங்க."

குணரத்தினம் விசைப்பலகையைப் பார்த்தார். கையை வைக்கவில்லை.

"ஏலாது" என்றார் கடைசியில். "நானும் கறுப்புத் திரையாலைதான் போனனான். கமலாதேவி வந்து சொன்ன உடனையே எனக்கு விளங்கிட்டுது. புதுக் கேள்வி வருது எண்டு கொழும்பு போன கிழமையே கடிதம் போட்டது. மேசை லாச்சிக்குள்ளை வைச்சிட்டு மறந்துபோனன். இந்தத் திரை இருக்கிறது அங்கை ஒருதருக்கும் தெரியாது. கப்பல் பட்டியலுக்கு முன்னாலை ஒரு தமிழன் தன்ரை பாட்டிலை ஒரு புரோகிராம் வைச்சிருக்கிறான் எண்டால், இந்த நாளையிலை ஆர் நம்புவினம்? எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

"அண்ணன்ரை கதை உங்களுக்குத் தெரியும்" என்றாள் கமலாதேவி. "தெரிஞ்சுகொண்டும் என்ரை பேரை அனுப்ப இருந்தனீங்களோ?"

குணரத்தினம் போய் லாச்சிக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. குணரத்தினம் தாளை எடுத்து, திரையைச் செய்தது தான், கடிதத்தை மறந்தது தான், கமலாதேவியில் பிழை இல்லை என்று எழுதினார். செக்கன் கணக்கை நிஸா சொல்லச் சொல்லச் சேர்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

கமலாதேவி அந்தத் தாளை வாங்கி முழுதையும் வாசித்தாள். பிறகு அவருடைய பேனையாலேயே அடியில் எழுதினாள். 'இத்திரை எங்கள் வசதிக்காகவே செய்யப்பட்டது. இரண்டு வருடமாக நானும் இதையே பாவித்தேன். இதில் கள்ள நோக்கம் எதுவும் இல்லை.' கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள்.

"பிள்ளை, உங்கடை பேர் இதிலை வேண்டாம்" என்றார் குணரத்தினம்.

"அக்கா கண்டுபிடிக்கும்வரைக்கும் எனக்காண்டி நீங்கள் ஒரு வரி எழுதேல்லை சேர். அந்தக் கோவம் எனக்கு லேசிலை ஆறாது. எண்டாலும் விசாரணைக்கு ஆள் போன வீடு எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை பிள்ளையளுக்கு அது வேண்டாம்."

குணரத்தினம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொலைநகலில் தாளை அவரே வைத்தார். இரண்டு பெயர்களோடும் அது கொழும்புக்குப் போனது.