அழுகை அறை

சின்னக்கடை வீதியில் இருந்த ‘மாடப்புறா’ விடுதியில் அறை கேட்டு வருபவரிடம் முதலில் பெயரைக் கேட்பதில்லை. “யாருக்காக அழணும்?” என்றுதான் கேட்பார்கள்.

“என் மனைவிக்காக,” என்றார் மாசிலாமணி.

“பேரு கோமதி,” என்று பக்கத்தில் நின்ற மகள் இளவெயினி சேர்த்துச் சொன்னாள். அப்பா பெயரைச் சொல்லாமல் விட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் மறுநாளே குடும்பத்தாருக்குக் காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசியளவில் ஒரு ‘தணிவி’யைப் பொருத்திவிடும் காலம் அது. துக்கம் மூளையில் கிளம்பும் இடத்திலேயே தணிவி அதை அமுக்கிவிடும். மனிதர்கள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனாலும் ஒருமுறையாவது அழுது தீர்க்கவேண்டும் என்று சிலருக்கு இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அழுதால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். அதனால்தான் திருச்சிக் கடைத்தெருவின் நெரிசலுக்கு நடுவே பழைய ஜவுளிக்கடை ஒன்று இப்படிச் சிறிய, அழகான விடுதியாகியிருந்தது. தெருவின் இரைச்சலைத் தாண்டி எந்த அழுகையும் யார் காதிலும் விழாது. அறையில் கனத்த தலையணைகளும் பருத்தித் திரைகளும் இருந்தன. தணிவியை அணைத்துத் தர ஒரு நுட்பரும் இருந்தார்.

இளவெயினி தன் தணிவியை ஏற்கெனவே அணைத்து, இதே விடுதியில் அழுதுவிட்டாள். அவளுக்கு நிலாச் சுரங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் பயணம்.

“அம்மா போனதுலேருந்து உங்க கண்ணு கலங்கிக்கூட நான் பாக்கலப்பா. மெஷினாலதான்னு தெரியுது. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. ஒரு தடவ நீங்க அழறதப் பாத்துட்டுப் போயிடறேன்.”

“சரிம்மா,” என்றார் அவர்.

நுட்பரான ஜெபமாலை என்ற பெண்மணி அறைக்கு வந்தார். அணைக்கும்போது உறவினர் உடனிருக்கக் கூடாது என்பது விடுதி வழக்கம். இளவெயினி கீழே போனாள்.

மாசிலாமணி கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்குப் பயமாகக்கூட இல்லை. கோமதி இறந்த அன்று அவள் உலர்த்தியிருந்த புடவையை மாடியிலிருந்து எடுத்துவந்து மடித்துவைத்தது நினைவிருந்தது. மடிப்பு சரியாக விழவில்லையே என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. எல்லாம் உள்ளே எங்கோ தேங்கி நிற்கிறது, தணிவியை அணைத்ததும் உடைந்துகொண்டு வரும் என்று அவர் நம்பினார்.

ஜெபமாலை சோதனைக் கருவியைக் காதருகே வைத்துப் பார்த்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

“சார், இது ஓடல.”

“நின்னுபோச்சா?”

“இல்லைங்க. போட்டதுலேருந்தே ஓடல. ஆரம்பத்துலேயே பழுது.”

மாசிலாமணி ஜன்னலைப் பார்த்தார். கோமதியின் முகத்தை நினைக்க முயன்றார். கீழே ஒருவன் கொய்யாப்பழம் கூவி விற்றுக்கொண்டிருந்தான். காது அந்தக் குரலின் பின்னாலேயே போயிற்று. ஒன்றும் உடையவில்லை.

“அப்போ இது… நானேதானா?”

“நிறைய பேருக்கு இப்படித்தாங்க இருக்கு,” என்றார் ஜெபமாலை, கருவியைப் பைக்குள் வைத்தபடி. “முன்னெல்லாம் தணிவியே இல்லையே. அப்போ வேலை ஜாஸ்தி, அழக்கூட நேரமில்லன்னு சொல்லிக்குவாங்களாம். எடுத்துடட்டுங்களா?”

“வேணாம்மா. இருக்கட்டும்.” என்றார் மாசிலாமணி. “என் பொண்ணுகிட்ட, இத அணைக்க முடியாதுன்னு சொல்லிடுவீங்களா?”

ஜெபமாலை பையை எடுத்துக்கொண்டார். “நான் பொய் சொல்ல மாட்டேன் சார். நீங்களே சொல்லிக்குங்க,” என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

இளவெயினி படியேறி ஓடிவந்தாள். அப்பாவின் கண்களைத்தான் முதலில் பார்த்தாள். அவை உலர்ந்திருந்தன.

“அணைக்க முடியாதாம்மா,” என்றார் மாசிலாமணி. “ரொம்ப ஆழமா பதிஞ்சுபோச்சாம். அணைச்சா உயிருக்கு ஆபத்தாம்.”

அவள் முகம் சுருங்கியது. பிறகு அருகில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்து விம்மி அழுதாள்.

“நான் உங்கள எவ்வளவு தப்பா நெனச்சுட்டேன்! உங்க மேல ஒரு தப்பும் இல்லப்பா. அது இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?”

மாசிலாமணி அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்குவது போலிருந்தது. கோமதி போன பிறகு அவருக்குள் தெளிவாக எழுந்த முதல் உணர்வு, அந்த நிம்மதிதான்.