பின்னோக்கி ஓடிய வான்

2006ஆம் ஆண்டு மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கடைகள் திறக்கும் முன்பே புஸ்பம் ஏறாவூரில் அசனாரின் அலுவலகப் படியில் வந்து காத்திருந்தாள். குடையிலிருந்து வடிந்த மழைத்தண்ணீர் அவளுடைய காலைச் சுற்றித் தேங்கி நின்றது. அசனார் கதவைத் திறந்து நாற்காலியைக் காட்டிய பிறகும் அவள் உட்காரவில்லை.

"நாளைக்கு விடிய அவரக் கொழும்புக்குக் கொண்டு போகப்போறாங்களாம், காக்கா," என்று அண்ணனை அழைப்பதுபோல் அழைத்துச் சொன்னாள். "போனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்கும் தெரியும்."

அசனாருக்குத் தெரியும். அந்த வருடம் அப்படிக் கொண்டு போகப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

அசனார் பொலிஸ்காரர் அல்லர். விபத்தில் அடிபட்ட வாகனங்களைப் பார்வையிட்டுக் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்கு அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். யார் யாரை மோதினார், யார் பொய் சொல்கிறார் என்பதை நசுங்கிய தகரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பெயர். அவருக்குப் படம் பிடித்துக் கொடுத்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திரிபவன் சாமித்தம்பி. நாற்பது வயது. கேள்வி முடியும் முன்பே விடையைச் சொல்லிவிடத் துடிக்கும் சுபாவம். அன்றும் அவன்தான் முதலில் குறிப்புப் புத்தகத்தை விரித்தான்.

புஸ்பம் நடந்ததைச் சொன்னாள். அவளுடைய கணவர் நல்லரத்தினம் வாடகைக்கு வான் வண்டி ஓட்டுகிறார். அவள் குவைத்தில் நான்கு வருடம் வீட்டுவேலை செய்து வாங்கிக் கொடுத்த ஜப்பான் வான் அது. வாகரைப் பக்கச் சண்டையில் இடம்பெயர்ந்து வந்த சனம் வாவிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தது. தினமும் பின்னேரம் அவர் அங்கே குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கிறவல் மண்பாதை பிரதான வீதியில் ஏறும் இடத்துக்கு வலப்பக்கம், இருநூறு யார் தூரத்தில் ஒரு சோதனைச் சாவடி. இடப்பக்கம் போனால் ஏறாவூர். நல்லரத்தினம் இடப்பக்கம் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மணித்தியாலத்துக்குள் பொலிசார் வீட்டைச் சுற்றி வளைத்து அவரைக் கொண்டுபோனார்கள்.

சாவடியில் காவல் நின்ற சிப்பாய் சொன்ன கதை வேறு. வான் சாவடியை நோக்கி வந்ததாம். சிப்பாயைக் கண்டதும் திருப்பக்கூட நேரம் எடுக்காமல், அப்படியே பின்னோக்கி ஓடி மறைந்ததாம். பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனதைப் பொலிசார் விசாரித்து நம்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் சாவடியைக் கண்டு ஏன் ஓடினான்?

"அவர் பின்னுக்கு ஓடவே இல்லயாம். அதையே ரெண்டு நாளாச் சொல்லிச் சொல்லி அடி வாங்குறார்," என்றாள் புஸ்பம்.

அன்று வானில் ஏதாவது புதினமாக நடந்ததா என்று அசனார் கேட்டார். அவள் யோசித்தாள். செவ்வாய் மத்தியானம் நல்லரத்தினம் வானின் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் ஏதோ செய்தார் என்றும், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

"வீட்டில நீங்க ரெண்டு பேருந்தானே, தங்கச்சி?"

"ஓம், ரெண்டு பேருந்தான்," என்று சற்று அவசரமாகச் சொன்னாள்.

காப்புறுதிப் பத்திரத்தை எடுக்க அவளுடைய வீட்டுக்குப் போனார்கள். குசினிக்கு வெளியே கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் மூன்று இருந்தன. உள்கொடியில் ஒரு சவரி முடி ஈரமாகத் தொங்கியது. புஸ்பத்துக்கு இடுப்புவரை சொந்த முடி. சாமித்தம்பி அசனாரின் முழங்கையைத் தொட்டு, கோப்பைகளைக் கண்ணால் காட்டி, வாயைத் திறக்கப் போனான். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அசனார் அவனை வெளியே அனுப்பிவிட்டார்.

ஏறாவூரிலிருந்து எந்தப் பக்கம் போவதானாலும் அந்த ஒரே வீதிதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் சாவடிக்கு மேல் சாவடி. பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும் முன் மூன்று இடத்தில் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, கையை உயர்த்தி நடந்தார்கள். காலையில் வீட்டைவிட்டுப் போனவன் பின்னேரம் திரும்பி வந்தால் அதுவே பெரிய காரியமாக இருந்த காலம்.

பொறுப்பதிகாரிக்கு அசனாரைத் தெரியும். விபத்து வழக்குகளில் அவருடைய அறிக்கை பலமுறை கைகொடுத்திருந்தது. காப்புறுதி செய்த வாகனம் என்பதால் பார்வையிட அனுமதித்தார். சிப்பாயின் வாக்குமூலத்தையும் காட்டினார். சிங்களத்தில் எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்தை அசனார் இரண்டு தரம் வாசித்தார். மழைக்கு ஒதுங்கி நின்ற சிப்பாய் நிமிர்ந்து பார்த்தபோது, மங்கலான இரண்டு வெள்ளை விளக்குகள் தன்னை நோக்கி நின்றதாகவும், உடனே அவை பின்வாங்கி வேகமாக விலகியதாகவும், தொலைநோக்கியால் பார்த்து மஞ்சள் தகட்டில் இருந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டதாகவும் அதில் இருந்தது. நேரம் ஆறு மணி பத்து நிமிடம்.

வான் முற்றத்தில் நின்றது. இரண்டு நாள் சேறு அதன் பின்கதவெங்கும் காய்ந்து அப்பியிருந்தது. கதவின் நடுவில், கைப்பிடிக்கு மேலே, ஒரு சத நாணயத்தின் அளவான கமராக் கண்ணாடி மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அசனார் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சாரதி ஆசனத்தில் ஏறி, கியரை நடுவில் விட்டு, சாவியைத் திருப்பினார். முன்னால் இருந்த சின்னத் திரை வெளிச்சமாகி, பின்னால் நின்ற சாமித்தம்பியைக் காட்டியது.

"பின்னுக்குப் போறத்துக்குத்தானே இந்தக் கமரா? கியர் போடாமலே எப்பிடித் தெரியுது?" என்று சாமித்தம்பி ஓடி வந்தான். பிறகு, தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னான்: கியர்ப்பெட்டி பழுது, வான் தானாகவே பின்னுக்கு ஓடியிருக்கிறது, நல்லரத்தினத்தில் பிழை இல்லை.

அசனார் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். கறுப்பு நாடா சுற்றிய ஒரு புது முடிச்சு அகப்பட்டது. அதை அவிழ்க்காமல் விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு, அதே வீதியில், அதே மழைத் தூறலில், அதே சிப்பாயை நிறுத்திவைத்து ஒன்றைக் காட்ட வேண்டும் என்று பொறுப்பதிகாரியிடம் கேட்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் சம்மதித்தார். நாளை கொழும்புக்கு அனுப்பும் வழக்குக் கோவையில் அவருடைய கையெழுத்தும் இருக்கும்.

வானை ஓட்டச் சாமித்தம்பியை அனுப்பினார்கள். கிறவல் பாதை வாயில் காத்திருந்து, ஆறு மணி பத்துக்கு வீதியில் ஏறி, நல்லரத்தினம் சொன்ன வழியிலேயே ஓட்ட வேண்டும். பெரிய விளக்குப் போடக் கூடாது. சாவடிக்குக் கிட்ட யாருமே அதைப் போடுவதில்லை. பாதையிலிருந்து வீதிக்கு ஏறித் திரும்பியபோது திரையில் சாவடியின் மணல்மூட்டைகள் தெரிந்தன. மூட்டைகளுக்கு மேலே ஒரு துவக்கின் குழல். கண்ணை முன்னால் வைக்க முயன்றான், முடியவில்லை. ஓட ஓட அந்தத் துவக்கு சின்னதாகிக்கொண்டே வந்ததே தவிர, திரையை விட்டுப் போகவில்லை. இரண்டு நாளுக்கு முன் நல்லரத்தினம் இந்த ஆசனத்தில் எப்படி இருந்திருப்பார் என்று அவனுக்கு விளங்கியது.

சாவடியில் சிப்பாய் கையை நீட்டினான். "இதோ, சேர், அன்றைக்குப் போலவே. பின்னுக்கு ஓடுகிறான்."

வளைவில் வானை நிறுத்தச் சொல்லி வோக்கிடோக்கியில் சொன்னார்கள். அதிகாரி, சிப்பாய், அசனார் மூவரும் நடந்து போனார்கள். கிட்டப் போகப் போகச் சிப்பாயின் நடை தளர்ந்தது. அவர்கள் போய் நின்றது வானின் முன்புறத்தில் அல்ல, பின்கதவில். சாமித்தம்பி ஏறாவூரைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்கதவின் இரு ஓரத்திலும் வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அசனார் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார்.

"இந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வெள்ளை வெளிச்சத்தைக் கண்டான். வெள்ளை என்றால் வாகனத்தின் முன்பக்கம் என்று நினைத்தான். அது விலகிப் போனதால் பின்னோக்கி ஓடுகிறது என்று முடிவுசெய்தான். ஆனால் இலக்கத்தை மஞ்சள் தகட்டில் வாசித்ததாக அவனே சொல்லியிருக்கிறான். நம் நாட்டு வாகனங்களுக்கு முன்தகடு வெள்ளை, பின்தகடுதான் மஞ்சள். அன்றைக்கு அவனைப் பார்த்து நின்றது வானின் முதுகு. முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போகிற வாகனம் நேராகத்தான் போகிறது."

"அப்படியானால் இந்த விளக்கு ஏன் எரிகிறது?" என்று அதிகாரி கேட்டார்.

கியரைப் பின்னுக்குப் போட்டால்தான் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் போகும். அதே வயரிலிருந்து ஒரு கிளை திரைக்கு வருகிறது. அந்தக் கிளையில் மின்சாரம் வந்தால் கமரா வேலை செய்யும். நல்லரத்தினத்துக்கு ஓடும்போதும் கமரா வேண்டியிருந்தது. சாவி திருப்பியதும் உயிர் வரும் ஒரு வயரை எடுத்து அந்தக் கிளையில் முடிச்சுப் போட்டுவிட்டார். திரை எந்நேரமும் பின்பக்கத்தைக் காட்டியது. ஆனால் மின்சாரம் கிளை வழியாகத் திரும்பிப் போய்ப் பின்விளக்குகளையும் எரித்தது. ஓட்டுகிறவர் தன் வாகனத்தின் முதுகை எப்போது பார்க்கப் போகிறார்? செவ்வாய் மத்தியானம் முடிச்சுப் போட்ட வயர், செவ்வாய் இரவே அவரைக் கூண்டில் வைத்துவிட்டது.

அதிகாரி குனிந்து கமராக் கண்ணாடியைப் பார்த்தார். "துடைத்து வைத்திருக்கிறான்," என்றார்.

"ஓடும்போது பார்க்கிறவர்தான் துடைப்பார்," என்றார் அசனார்.

"எதைப் பார்க்க?"

அசனார் வீதியைக் கையால் காட்டினார். "இந்த வீதியில் ஓடுகிறவர் யாருக்கு முதுகில் கண் வேண்டாம், சேர்?"

அதிகாரி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை வலுத்தது. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை கோவையில் சிப்பாயின் திருத்திய வாக்குமூலம் சேர்ந்தது. கொழும்புக்குப் போன ஜீப்பில் நல்லரத்தினம் இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அசனார் அவர்களுடைய வீட்டுக்குப் போனார். நல்லரத்தினத்தால் நிமிர்ந்து இருக்க முடியவில்லை. பாயில் பக்கவாட்டாகச் சாய்ந்திருந்தார். சாமித்தம்பி வாசலில் காவல் நின்றான். அசனார் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்குப் பின்னால எத்தின நாளா ஆக்கள் வந்தாங்க?"

நல்லரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள்.

"பிடிபட முந்தி அஞ்சு நாளா, ஒரு மோட்டார் சைக்கிள்," என்றார் அவர். "கண்ணாடியில பாத்தா, நான் பாக்கிறது அவனுகளுக்குத் தெரியும். அதுதான் திரையில பாக்க நினைச்சன்."

உள்ளறைத் திரைச்சீலை விலகியது. பதினாறு வயதிருக்கும், கழுத்தோடு வெட்டிய தலைமுடியுடன் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். கிரானில் இருக்கும் புஸ்பத்தின் அக்காவின் மகள், கண்ணகை. ஆயுதக்காரர் வீட்டுக்கு ஓராள் என்று படைக்கு ஆட்களைப் பிடித்துப் போனபோது அவளையும் பிடித்துப் போனார்கள், தங்கள் அடையாளமாக முடியையும் வெட்டினார்கள். தப்பி வந்தவளைத் தோணிக்காரர் ஒருவர் வாவியைக் கடத்திப் பள்ளிக்கூடத்துக் கரையில் இறக்கிவிட்டார். நல்லரத்தினம் செவ்வாய்க்கிழமை அவளை வெறும் தண்ணீர்க் கான்களுக்கு இடையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். வீட்டைச் சுற்றி வளைத்தபோது சவரி வைத்துப் பின்னி அவளைப் பக்கத்து வீட்டுச் சனத்தோடு நிற்கவைத்தாள் புஸ்பம். பொலிசாரிடம் உண்மையைச் சொன்னால் பிள்ளை தடுப்புக் காவலுக்குப் போவாள். செய்தி வெளியே கசிந்தால், அவளைத் தேடி மோட்டார் சைக்கிளில் தொடர்ந்த ஆயுதக்காரர் வருவார்கள். அதனால்தான் இரண்டு நாளும் அந்த மனிதர் ஒரு சொல்லும் மிகையாகச் சொல்லவில்லை.

"எனக்கு அவளச் சொல்ல ஏலாது, காக்கா," என்றார். "சொல்லாம விட்டா எனக்கு வேற மறுமொழியும் இல்ல."

அசனார் அந்தப் பிள்ளையின் வயதையும் உயரத்தையும் மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி றபீக்கா, தன் தங்கையைப் பார்க்க என்று குருநாகலுக்குப் பயணம் போனாள். கூடவே கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண்பிள்ளையும் போனாள். வழியில் ஒன்பது சாவடிகளில் இறங்கி ஏறினார்கள். றபீக்கா அந்தப் பிள்ளையின் கையை ஒரு இடத்திலும் விடவில்லை. இரவு போன் வந்தபோது அசனார் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். சாமித்தம்பி அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஒரு கிழமை கழித்து, அலுவலகம் பூட்டும் நேரத்தில், பொறுப்பதிகாரி தனியாகப் படியேறி வந்தார். சீருடை இல்லை, கோடு போட்ட சேட்டும் செருப்பும். மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை அதிகாரி தூக்கிச் சுவரோடு வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"அந்தக் கமரா," என்றார். "என்னுடைய ஜீப்பிலும் பூட்டித் தர ஆள் இருக்கிறதா? ஓடும்போதும் தெரிய வேண்டும்."

அசனார் யாருக்கு என்றோ எதற்கு என்றோ கேட்கவில்லை. ஆள் இருக்கிறது, நாளை அனுப்புகிறேன் என்றார்.

அதிகாரி எழுந்து படிவரை போனார். கீழே வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பின்விளக்கு எரியக் கூடாது," என்றார். "நான் பார்க்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது."