கழுவி வைத்த தாள்

“இது என்ன மார்லிஸ்... புதுசா?”

வெர்லின் சமையலறை நடுவில் நின்றுகொண்டு அந்தப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். வேறு வீடுகளில் அலமாரிக்குள்ளிருந்து விஸ்கி பாட்டில் அகப்பட்டால்தான் அப்படிப் பிடிப்பார்கள். உள்ளே இருந்தது ஒரு சுருள் அலுமினியத் தாள். கடையில் வாங்கியது. பிரிக்காதது!

“தள்ளுபடியில கிடைச்சுது” என்றாள் மார்லிஸ், திரும்பாமல்.

“தள்ளுபடியா? கழுவிக் காயப்போட்ட ஃபாயிலே டிராயர் நிறைய இருக்கேம்மா! நீயா காசு குடுத்து வாங்கினே? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“வெச்சுட்டுப் போய்யா. காப்பி ஆறுது.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். மார்லிஸ் இரண்டு சுவெட்டர்களுக்கு மேல் மூன்றாவதையும் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். அமெரிக்காவின் வடக்கு ஓரத்து டுலூத்தில் ஜனவரி மாதம். வீட்டுக்குள் பேசினாலும் வாயிலிருந்து லேசாகப் புகை வந்தது.

இருவரும் சீக்கிரமே வேலையை விட்டவர்கள். ஐம்பது தாண்டியதும் விட்டுவிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் மிச்சம் பிடித்து, சொன்னபடியே விட்டார்கள். முதல் வருடம் சொர்க்கம். இரண்டாவது குளிர்காலத்தில் வெர்லினின் ரத்தத்தில் ஒரு நோய் வந்தது. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் படுத்து, ஊசி வழியே மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த மருந்தின் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம். அரசாங்கச் சலுகையில் கிடைத்த இன்சூரன்ஸ்தான் காப்பாற்றியது. ஆனால், சேமிப்பிலிருந்து ஒரு வருடத்தில் எடுக்கும் பணம் ஒரு கோட்டைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். சலுகை போனால் மருந்தும் போய்விடும். மருந்து போனால்... மார்லிஸ் அதற்கு மேல் நினைப்பதில்லை.

“நம்ம பொண்ணு காரின் கிட்ட சொல்லாதே மார்லிஸ். அவ என்னை நோயாளியாப் பாக்கறதை என்னால தாங்க முடியாது” என்று வாக்கு வாங்கிக்கொண்டார் வெர்லின்.

வாக்குக் கொடுத்தது எளிது. காப்பாற்றியதற்குத்தான் விலை.

கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்க உதவி கேட்டு ஒரே மகள் காரின் வந்து நின்றாள். வெர்லினின் தலை ஆடத் தொடங்கியது. “ஒரு வருஷம் மருந்து இல்லேன்னா என்ன...” என்று, அவள் கேட்கப் போவது தெரிந்து, அவர் முந்தின நாளே முணுமுணுத்திருந்தார். அந்தத் தலை முழுதாக ஆடி முடிப்பதற்குள் மார்லிஸ் சொல்லிவிட்டாள்.

“முடியாது.”

“ஏம்மா?”

“முடியாதுன்னா முடியாது.”

காரின் அம்மாவையே பார்த்தாள். பிறகு, போட்டிருந்த, அம்மா பின்னிக் கொடுத்த பச்சை சுவெட்டரைக் கழற்றித் தரையில் எறிந்தாள். “கழுவின ஃபாயில்ல சாண்ட்விச் சுத்திக் குடுத்து, பள்ளிக்கூடமே என்னைப் பாத்துச் சிரிச்சுதே... அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும்! நீ காசையே கட்டிக்கிட்டு அழு! எனக்கு அம்மா இல்லை!”

வெர்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் வெர்லினின் தங்கை ஆர்லீன் வீட்டுப் பின்கட்டுப் புல்வெளியில் நடந்தது. மார்லிஸுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி. அதன் பிறகு காரின் அப்பாவுக்கு மட்டும் போன் செய்வாள். மார்லிஸ் எடுத்தால், “அப்பா இருக்காரா?”

சிநேகிதிகளும் அப்படியே உதிர்ந்துபோனார்கள். காப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்கள்; மார்லிஸ் வரவில்லை என்றாள். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி வரவில்லை என்றாள். பிறகு கூப்பிடுவது நின்றது. வீட்டுக்கு வந்தவர்கள் குளிரில் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்து, சீக்கிரம் எழுந்து போனார்கள். சில நாட்களில் மார்லிஸின் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

இலையுதிர் காலத்தில் காரினுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் புருஷன் ஏரிக்கப்பலில் வேலை பார்க்கிறவன். வாரக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டான். பச்சைக் குழந்தையோடு தனியாக என்ன சாப்பிடுவாள்? மார்லிஸ் ஒரு வியாழக்கிழமை கொத்துக்கறியில் காளான் சூப்பை ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அங்கே வீட்டுக்கு வீடு செய்யும் ஹாட்டிஷ் செய்தாள். அந்த ஊரில் வெளியே போகும் டிரேக்கு அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். அப்போதுதான் திரும்பி வரும். மார்லிஸ் எழுதவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய டிரே. அதை மூடப் புது அலுமினியத் தாள். கழுவின தாளைப் பார்த்தால் மகள் கண்டுபிடித்துவிடுவாளே! அவள் வீட்டுக் கதவோரம் வைத்துவிட்டு, மணி அடிக்காமல் வந்துவிட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும்.

வெர்லின் அந்தப் புதுச் சுருளைக் கண்டுபிடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காரின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆர்லீனைக் கட்டிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை வந்தா கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே வாசனை வருது அத்தை! பேர் எழுதலேன்னாலும் உங்களைத் தவிர யாரு வைப்பா? நீங்க மட்டும் இல்லேன்னா நான் ரொட்டியையே மென்னு செத்திருப்பேன். டிரே எல்லாம் கழுவி உங்க கார்ல வெச்சிருக்கேன்.”

ஆர்லீனின் கண் ஒரு கணம் மார்லிஸ் பக்கம் போய் வந்தது. “அட... அதெல்லாம் ஒரு பெரிய விஷயமா கண்ணு!” என்றாள்.

காரின் குரலை உயர்த்தினாள். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கட்டும் என்றுதான்.

“சில பேருக்குப் பெத்த பொண்ணுக்கு ஒரு வாய் குடுக்கக்கூட மனசு வராது. உங்களை மாதிரி ஒரு அம்மா எனக்கு வாய்ச்சிருக்கக் கூடாதா!”

மார்லிஸ் காப்பியைக் கலக்கினாள். அதில் சர்க்கரையே போடவில்லை. மேஜையில் மீந்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப்போகப் பழக்கத்தில் நீண்ட கை, மகள் பார்ப்பதைக் கண்டு திரும்பி வந்தது.

இனி வேண்டாம் என்று வீடு திரும்பும் வழியிலேயே தீர்மானித்தாள் மார்லிஸ். புதன்கிழமை வரை அந்தத் தீர்மானம் தாங்கியது. வியாழன் காலை பனி கொட்டியது. ‘இந்தப் பனியில அவ கடைக்கு எப்படிப் போவா...’ மத்தியானத்துக்குள் ஹாட்டிஷ் அடுப்பிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டு வெளியே வந்தது.

பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெறும் அட்டைக் குழாய்!

“வெர்லின்! ஃபாயில் எங்கேய்யா?”

“இங்க வா, வந்து பாரு!” கூடத்திலிருந்து பெருமையாகக் குரல் வந்தது. சுவரில் ஹீட்டருக்குப் பின்னால் முழுச் சுருளையும் பளபளவென்று ஒட்டி வைத்திருந்தார் மனிதர். “சூடு சுவருக்குள்ள போகாம அறைக்கே திரும்பி வரும். சிக்கனம்னா இது! நீ குளிர்ல நடுங்கறதைப் பாத்துக்கிட்டு எத்தனை நாள்தான்...”

மார்லிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னம்மா... தப்பாப் பண்ணிட்டேனா?”

“இல்லைய்யா” என்றாள். “நல்லாத்தான் இருக்கு.”

கடைக்குப் போய்வந்தால் சாப்பாடு ஆறிவிடும். டிராயரைத் திறந்து கழுவி வைத்த தாள் ஒன்றை எடுத்தாள். கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் எடுத்த பழைய தாள். ‘யார் மூடியைப் பாக்கப் போறா...’

சாயங்காலம், இருட்டுவதற்கு முன்னால், வாசல் மணி அடித்தது.

காரின் நின்றிருந்தாள். மார்பில் குழந்தை, தலையெல்லாம் பனி. கையில் அந்தத் தாள்.

“இது என்னம்மா?”

மார்லிஸ் கதவை அகலத் திறந்தாள்.

“கரண்டியால தேய்ச்ச கோடு... உலகத்துல வேற எந்த வீட்ல இருக்கு? பன்னெண்டு கிளாஸும் இதைப் பிரிச்சுத்தானே சாப்பிட்டேன்! சொல்லு... இத்தனை வாரமும் நீதானா?”

“சூடா இருந்துதா?” என்றாள் மார்லிஸ்.

“ஐயோ அம்மா!” காரின் வெடித்தாள். “ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசினேனே... வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அத்தையும் சும்மா நின்னாங்களே!”

“அவளைத் திட்டாதே. அவ பொய் சொல்லலை. நீ நன்றி சொன்னே, அவ வாங்கிக்கிட்டா.”

“கதவைத் தட்டியிருந்தா நான் திறந்திருக்க மாட்டேனா?”

“திறந்திருப்பியா?”

காரின் தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்தபோது கண்களில் பழைய காயம் தெரிந்தது. “இதுக்கு மனசு வந்துதே... என் கல்யாணத்துக்குக் குடுக்க மட்டும் ஏம்மா மனசு வரலை?”

“அதை நான் சொல்றேன்.”

வெர்லின் கூடத்து வாசலில் நின்றிருந்தார். அவர் மெல்ல இடது கைச் சட்டையை மேலே ஏற்றினார். முழங்கையின் உள்பக்கம் நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

“வெர்லின், வேண்டாம்...” என்றாள் மார்லிஸ்.

“போதும் மார்லிஸ். நல்ல அப்பான்னு நான் பேர் வாங்க, கஞ்சப் பிசினாறின்னு நீ பேர் வாங்கினே. அன்னைக்கு அந்த மண்டபத்துக்குப் பணம் எடுத்திருந்தா, காரின், எனக்கு மருந்து நின்னிருக்கும். நான் சரின்னு தலையாட்டப் போனேன். உங்கம்மா குறுக்க விழுந்தா. உன்னைவிடக் காசு பெருசுன்னு அவ நினைக்கலை... நான் உயிரோட இருக்கணும்னு நினைச்சா. அவ திட்டு வாங்கறப்போ நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். கோழை!”

காரின் அந்தக் கையைத் தொட்டாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்க முடியவில்லை அவளால். அப்படியே மார்லிஸின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். நடுவில் நசுங்கிய குழந்தை சிணுங்கியது.

“என்னை அடிம்மா... ஒரு அடி அடி...”

“சேச்சே... அழாதே. பிள்ளை பயந்துக்குது பாரு.”

மார்லிஸின் கண்ணீர் மகளின் தலையிலிருந்த பனியில் விழுந்தது. எத்தனை நாளாயிற்று, யாராவது அவளைக் கட்டிக்கொண்டு! கையை எங்கே வைப்பது என்றுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பிறகு அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹீட்டரின் குமிழைத் திருகிக் கூட்டினாள். “பிள்ளைக்குக் குளிரும். சூடு ஏற கொஞ்ச நேரமாகும்...”

காரின் சமையலறைக்குப் போனாள். கையிலிருந்த தாளை மேஜையில் வைத்துக் கட்டைவிரலால் நீவி, நான்காக மடித்து டிராயருக்குள் வைத்தாள். மூடியவள் அங்கேயே நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

“அம்மா... எனக்கும் குளிருது. அன்னைக்குத் தூக்கி எறிஞ்சேனே, அந்தப் பச்சை சுவெட்டர்... அது இன்னும் இருக்கா?”

மார்லிஸ் ஏற்கெனவே அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள்.

“இருக்கு கண்ணு. எதையாவது நான் தூக்கிப் போட்டிருக்கேனா?”