பனி பெய்யாத பக்கம்

அதே குடியிருப்பில் இருக்கும் வெய்க்கோ காலணியைக் கழற்றாமலே உள்ளே வந்துவிட்டார். பின்லாந்தின் தாம்பெரே நகரில் ஒருவர் அப்படி வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை அவர் மானம் போயிருக்க வேண்டும்.

"இர்யா, என் மானமே போகுது," என்றார்.

இர்யா முப்பது வருடம் தீ விபத்துகளுக்குக் காரணம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். கணவர் கலெர்வோ, பஸ் ஓட்டியவர், எந்த விவகாரத்திலும் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அநேகமாகத் தவறான ஆளை.

குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவுக்கு எல்லோரும் வெய்க்கோ செய்த இணையப் பக்கத்தில்தான் நேரம் பதிவு செய்வார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நண்பகலில் பதிவு திறக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் அடிபிடி.

"மூணு மாசமா அந்த நேரம் புதுசா வந்த சைமாவுக்கே போகுது. அதுவும் காலைல ஏழு பத்துக்கே பதிவாயிருக்கு. நான் திருட்டு வழி வெச்சுக் கொடுத்தேன்னு ரைலி சொல்றா. அவ குடியிருப்புச் சங்கத் தலைவி, எல்லாரும் நம்பறாங்க. சைமா மேல எனக்கு மயக்கமாம். சாயங்காலக் கூட்டத்துல பக்கத்தை என்கிட்டேருந்து பிடுங்கப் போறாங்க."

"வழி வெச்சியா?" என்றார் கலெர்வோ ஆவலாக.

"சத்தியமா இல்லப்பா."

இர்யா காபி ஊற்றினார். "பன்னெண்டு மணி வரைக்கும் பட்டனைப் பூட்டி வெக்கறது எது?"

"ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தோடயே வந்து நம்ம கம்ப்யூட்டர்ல ஓடற நிரல். எப்ப திறக்கும்னு அறிவிப்பு போடறதும் அதுதான். போன மாசத்துலேருந்து திரையில அழகுக்குப் பனி கொட்டறதும் அதுதான்."

"அந்தப் பனியை எடுத்துத் தொலை," என்றார் கலெர்வோ. "கண்ணை மறைக்குது."

சைமா நூலகத்தில் வேலை பார்த்தவர். இர்யாவும் கலெர்வோவும் தட்ட, கதவைத் திறந்ததுமே, "நீங்களும் விசாரணைக்கா?" என்றார். "பட்டன் இருந்தது, அமுக்கினேன். காலைக் காபியோட அந்த வேலையை முடிச்சிடுவேன்."

"பன்னெண்டு மணின்னு பெருசாப் போட்டிருக்கே," என்றார் கலெர்வோ.

"என் கண்ணுல படலை."

இர்யா ஒன்றே ஒன்று கேட்டார். "வெய்க்கோ விடற பனி பிடிச்சிருக்கா?"

"எந்தப் பனி? அதுல ஒரு பட்டியல், கீழே பட்டன். அவ்வளவுதானே?"

படியில் இறங்கும்போது கலெர்வோ கிசுகிசுத்தார். "அப்பட்டமான பொய்."

"மணி விஷயத்துல பொய் சொன்னா லாபம் உண்டு. பனி விஷயத்துல பொய் சொல்லி அவங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?"

மாலை பொது அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். இர்யா சொல்லியபடி சைமா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தார். அதில் இன்னும் திறக்காத ஜனவரிப் பட்டியலை எடுத்தார்கள். பனி இல்லை, அறிவிப்பு இல்லை. பட்டன் மட்டும் தயாராக இருந்தது.

"பாத்தீங்களா, திருட்டு வழி," என்றார் ரைலி.

இர்யா திரையின் மூலையில் இருந்த சிறு சின்னத்தைக் காட்டினார். "இது என்ன, சைமா?"

"ஜாவாஸ்கிரிப்டைத் தடுக்கறதுக்குப் பிரவுசர்ல சேர்த்த எக்ஸ்டென்ஷன். பேப்பர் படிக்க விடாம விளம்பரம் குதிக்குதேன்னு நாலு வருஷம் முன்னாடி போட்டேன். அது இருக்கறதே மறந்துபோச்சு."

இர்யா அதை அணைத்தார். உடனே பனி கொட்டியது, அறிவிப்பு வந்தது, பட்டன் மங்கிப் பூட்டிக்கொண்டது.

"வெய்க்கோ சவுனாவைப் பூட்டலை. ஆளாளுக்கு ஒரு பூட்டை அனுப்பி, நீங்களே பூட்டிக்குங்கன்னு விட்டுட்டார். சைமா கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கலை. அறிவிப்பையும் வாங்கலை, பனியையும் வாங்கலை. பனியே தெரியாதுன்னு அவங்க சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. இங்க ரகசிய வழி எதுவும் இல்லை. இதைப் போட்டா நீங்களும் நுழையலாம், ரைலி."

வெய்க்கோவுக்கு முகம் சிவந்தது. "தப்பு என்னுதுதான். பூட்டு உங்க கம்ப்யூட்டர்ல இல்ல, பக்கத்தை அனுப்பற சர்வர்ல இருக்கணும். இன்னைக்கே மாத்திடறேன்."

ரைலிக்கு மன்னிப்புக் கேட்பது பழக்கமில்லை. ஆனாலும் கேட்டார். "திருட்டு வழின்னு சொன்னது தப்பு, வெய்க்கோ. சைமா மேல மயக்கம்னு சொன்னதும் தப்பு."

வெய்க்கோ தரையைப் பார்த்தார். அப்புறம் சைமாவைப் பார்த்தார்.

"ரெண்டாவது தப்பில்லை," என்றார்.

சைமா லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை சவுனாவை ரைலி எடுத்துக்கட்டும்," என்றார். "ஆறு மணிக்கு வெய்க்கோவை நான் காபிக்குக் கூப்பிட்டிருக்கேன்."