மான் தின்ற அறிக்கை

ஹஸ்மி எழுதிய அறிக்கையை முதலில் பார்த்தது துசானி ரீச்சர் இல்லை. ஒரு மான். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, தின்றும் விட்டது.

திருகோணமலை நகரத்தில் மான்கள் தெருவில் நடமாடுவது புதினமில்லை. பஸ் நிலையத்தில் நிற்கும், கடற்கரையில் படுத்திருக்கும். அம்ராவின் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மான் வரும். இடாப்பில் பெயர் இல்லையே தவிர, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைவிட அதற்கு வரவு அதிகம்.

அதனால்தான் சுற்றாடல் பாடத்தில் ரீச்சர் இந்த வேலையைக் கொடுத்தார்.

"எங்கட மானுக்கு என்ன பிடிக்கும்? கேள்வி இதுதான். முதலில பாருங்கோ. பார்த்ததை எழுதுங்கோ. நாளைக்கு இடைவேளைக்குப் பிறகு கல்விப் பணிமனையில இருந்து ஒரு அம்மா வாறா. அவவுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்."

அம்ராவுக்குச் சோடியாக ஹஸ்மி வாய்த்தான். ஹஸ்மியின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அம்ராவின் கையெழுத்தோ கோழி கிளறியது போல இருக்கும்.

"நீ எழுதாதே. நானே எழுதுறன்" என்றான் ஹஸ்மி.

"மானைப் பார்த்திட்டுத்தானே எழுத வேணும்?"

"ஏன் வெயிலில காயிற? மான் புல் தின்னும். புத்தகத்திலேயே இருக்கு."

மறுநாள் காலை ஹஸ்மி ஒரு பெரிய டிமைத்தாளோடு வந்தான். அதில் மேலிருந்து கீழ்வரை மான் படங்கள். உம்மாவின் குசினியில் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்து ஒட்டியிருந்தான். பசை இன்னும் காயவில்லை. தாளை விறாந்தையில் பிள்ளைகள் இருக்கும் நீள வாங்கில் விரித்து வைத்தான்.

"என்ட உம்மாவும் கேட்க வாறா" என்றான் பெருமையாக.

அம்ரா வேப்பமரத்தடியில் புல், முட்டைக்கோவா இலை, வாழைப்பழத் தோல் மூன்றையும் வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தாள்.

மான் வந்தது. மூன்றையும் மோந்தது. பிறகு தலையை நிமிர்த்தி, நேரே விறாந்தைக்குப் போனது.

"ரீச்சர்! மான் என்ட அறிக்கையைத் தின்னுது!"

ஹஸ்மி ஓடிப்போய்த் தாளை இழுத்தான். மானும் இழுத்தது. மான்தான் வென்றது. படம் ஒட்டிய பக்கமெல்லாம் உள்ளே போனது. அடியில் இருந்த வெறும் துண்டை மட்டும் கீழே போட்டுவிட்டு மான் நகர்ந்தது. அந்தத் துண்டில், 'முடிவு: மானுக்குப் புல்தான் மிகவும் பிடிக்கும்' என்று அழகாக எழுதியிருந்தது.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஹஸ்மியின் கண்கள் கலங்கின.

"உம்மா வரப் போறா. நான் எதை வாசிக்கிற?"

'நான் அப்பவே சொன்னனான்' என்று அம்ராவின் நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். பாவமாக இருந்தது. துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"ஹஸ்மி, இதை மட்டும் ஏன் விட்டது?"

"அது பொய்யெண்டு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இல்லடா. இதில படம் ஒட்டல்ல. அப்ப பசையும் இல்ல. அதுக்குப் பிடிச்சது கடதாசியா, பசையா?"

ஹஸ்மி மூக்கைத் துடைத்தான். "பையில மிச்சப் பசை இருக்கு. இன்னொரு கடதாசியில பூசிப் பார்ப்பமா?"

"வேணாம். கடதாசி அதுக்குக் கூடாது. ஓட்டில பூசுவம்."

சமையலறைப் பின்புறம் உடைந்த கூரை ஓடுகள் கிடந்தன. ஓர் ஓட்டில் ஹஸ்மி கையாலேயே பசை பூசினான். இன்னோர் ஓட்டில் வெறும் கடதாசியை வைத்து, மான் வாய் வைத்தால் பறிப்பதற்காக நுனியைப் பிடித்துக்கொண்டான். மான் வருமுன்னமே முடிவை எழுத மற்றக் கையால் பேனையை எடுத்தான். அம்ரா பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டான்.

மான் வந்தது. கடதாசியை மோந்துவிட்டு ஒதுங்கியது. பசை பூசிய ஓட்டைப் பளபளக்கும் வரை நக்கியது. அதோடு நிற்காமல் ஹஸ்மியின் விரல்களையும் நக்கத் தொடங்கியது.

"ஐயோ, கூசுது! இதையும் எழுதவா?"

"நடந்ததுதானே? எழுது!"

இடைவேளை முடிந்தது. பணிமனை அம்மா முன்கதிரையில் இருந்தார். ஹஸ்மியின் உம்மா பின்னால் இருந்தார். ஹஸ்மி புதுத் தாளை வாசித்தான்.

"மான் புல்லை விட்டுவிட்டு எங்கள் அறிக்கையைத் தின்றது. வெறும் கடதாசியைத் தொடவில்லை. பசையை நக்கியது. என்னையும் நக்கியது. எங்களுக்கு இன்னும் தெரியாதது: பசை இல்லாவிட்டால் அது எதைத் தின்னும்?"

பணிமனை அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். "வடிவான எழுத்து. ஆர் எழுதினது?"

"நான்தான் எழுதினனான். ஆனா, என்னைப் பார்க்க வைச்சது அம்ரா."

அம்ராவுக்குக் காதுவரை சந்தோசம்.

"நல்லது. இதைச் சுவரில ஒட்டுங்கோ."

"ஒட்ட ஏலாது!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கடைசியில் உடுப்புக் காயப்போடும் கிளிப் மாட்டி, அதை விறாந்தைக் கொடியில் தொங்கவிட்டார்கள். மான் வந்தது. தாளை மேலும் கீழும் மோந்தது. பெருமூச்சு விட்டது. பிறகு வேறு வழியில்லாமல் வேப்பமரத்தடிக்குப் போய்ப் புல்லைக் கடித்தது.

ஹஸ்மி மெல்லப் பேனையை எடுத்தான். இந்த முறை அம்ரா தடுக்கவில்லை.