மூன்றாம் பிளாக்கின் பெல்வெதர்

ஜெசிந்தா கையைத் தூக்கினாள். அதன் பிறகு மூன்றாம் பிளாக்கில் கைக்குழந்தைகளைத் தவிர, கை தூக்காதவர் யாருமில்லை.

கடலோரக் குடியிருப்பை ஒரு வீடுகட்டும் நிறுவனத்திடம் விட்டுவிட்டு, அது உள்நாட்டில் கட்டியிருக்கும் மேட்டுநகருக்கு எல்லோரும் குடிபோவது என்பது தீர்மானம். மணிக்கட்டுப் பட்டைகள் பச்சையாக மின்னி ஒப்புதலைப் பதிந்துகொண்டன. நிறுவன அதிகாரி ஸ்ரீவத்சன் மேடையிலிருந்து இறங்கி வந்து ஜெசிந்தாவுக்குச் சால்வை போர்த்தினார். “இவங்கதான் எங்க பெல்வெதர்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ விருது என்று நினைத்து ஜெசிந்தாவும் கும்பிட்டாள்.

அந்தக் குடியிருப்பில் முதலில் கை தூக்க யாருக்கும் துணிச்சல் வராது. காரியம் கெட்டுப்போனால் “நீதானே ஆரம்பிச்சே” என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் ஜெசிந்தாவைப் பார்ப்பார்கள். உப்புக்காற்றுக்கு ஜன்னல்வலை போட்டதும் கடல்நீரைக் குடிநீராக்கும் பெட்டி வாங்கியதும் முதலில் அவள்தான். அவள் பெரிய அறிவாளி என்று சொல்வதற்கில்லை. சட்டென்று முடிவெடுப்பாள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதுவே போதும்.

முதலடிமானி என்ற கருவிக்கும் அதுவே போதும். யார் எதை வாங்குகிறார்கள், யார் போன பிறகு யார் போகிறார்கள் என்பதையெல்லாம் மணிக்கட்டுப் பட்டைகளிலிருந்து திரட்டி, ஒவ்வொரு கூட்டத்திலும் முதலடி வைப்பவர் யார் என்று அது காட்டிக்கொடுக்கும். அது வந்த பிறகு விளம்பரத் தொழிலே படுத்துவிட்டது. ஊரையே கெஞ்சுவானேன், ஒருத்தியைப் பிடித்தால் போதாதா? இப்படியொரு கருவி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது தன் வீட்டையும் எட்டிப் பார்க்கும் என்றுதான் யாரும் நினைப்பதில்லை.

வீடு திரும்பும்போது ஜெசிந்தா, போன வருஷம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த சுரபியிடம் கேட்டாள். “பெல்வெதர்னா இன்னாடி?”

“நல்ல வார்த்தைதான்க்கா” என்றாள் சுரபி, முகத்தைப் பார்க்காமல்.

ஜெசிந்தாவுக்கு அது போதவில்லை. அவளுடைய கொழுந்தன் பெனடிக்ட் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவன். சாமான் கட்ட உதவிக்கு வந்தவனிடம் கேட்டாள். அவன் கயிற்றைக் கீழே வைத்தான்.

“பழைய வார்த்தை அண்ணி. ரெண்டு சொல்லை ஒட்டினது. பெல்னா மணி. வெதர்னா...” தயங்கினான். “காயடிச்ச கிடா. அது கழுத்துல மணியக் கட்டி முன்னாடி வுடுவாங்க. சத்தம் கேட்டு மந்தை பின்னாலயே போவும். இப்ப சந்தைக்காரங்களும் எலக்‌ஷன் கணிக்கிறவங்களும் மரியாதையாத்தான் சொல்றாங்க.”

“காயடிப்பானேன்?”

“இல்லேன்னா அது இஷ்டத்துக்கு ஓடும். அதுக்குன்னு சொந்தமா ஒரு போக்கு இருக்கக் கூடாது.”

“மந்தைய எங்க ஓட்டினு போவாங்க?”

“மேய்ச்சலுக்கும் போவும், கசாப்புக்கும் போவும். மணி கட்டினவன் நெனப்புதான்.”

ஜெசிந்தா கட்டிய மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பெனடிக்ட் இன்னொன்றும் சொன்னான். முதலடி வைப்பவர் பக்கத்திலேயே நிறுவனங்கள் சம்பளத்துக்கு ஓர் ஆளைக் குடிவைக்கும். அந்த ஆளுக்கு இணைநடையர் என்று பெயர். சிநேகம் பிடிப்பதுதான் வேலை. ஜெசிந்தா யாரையும் யோசித்துத் தேட வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்தவள் ஒருத்திதான்.

வராந்தாவுக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். “வெள்ளிக்கெழமதான் பத்திரப் பதிவு. அதுக்குள்ள வேணாம்னும் சொல்லலாம். என்னப் பாக்காதீங்க. நான் இன்னா பண்ணப் போறேன்னு சொல்லவும் மாட்டேன். அவங்கவங்க யோசிங்க.”

“ஜெசிந்தா சொல்றதும் கரெக்ட்தான்” என்றார்கள். சொல்லிவிட்டு, அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அங்கேயே நின்றார்கள். அவள் மூட்டை கட்டுவதை நிறுத்தியிருந்தாள். அதற்குள் எல்லா வீட்டிலும் நிறுத்தியாகிவிட்டது. அவளுக்கு அவர்கள் மேலும் ஆத்திரமாக வந்தது.

நேரே சுரபியின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுரபி மறைக்கவில்லை.

“ஆமாக்கா. வேலைதான். உங்க பக்கத்துல இருக்கணும், மேட்டுநகரப் பத்தி அப்பப்பப் பேசணும். அவ்வளவுதான் சொன்னாங்க.”

“கர்ப்பப்பை ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரில கெடந்தேனே. எனக்குத் தலை வாரி வுட்டியே. அதுக்கும் சம்பளமாடி?”

சுரபி தன் மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே அத்தனை குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. சிநேகம் போனால் போகட்டும், அவர்களுக்கு ஒரு வழி தெரிந்தாக வேண்டும்.

“சரி வுடு. ஒண்ணே ஒண்ணு சொல்லு, நெசமாச் சொல்லு. மேட்டுநகரு நல்லாருக்கா? தண்ணி வருது, பள்ளிக்கூடம் இருக்குது, நேர்ல பாத்தேன்னு சொன்னியே.”

சுரபி தரையைப் பார்த்தாள். “நான் போனதே இல்லக்கா. சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.”

“உன் ஆபீசர் பாத்தாரா?”

“அவர்கிட்ட நானே கேட்டேன். மானி நீங்க எல்லாரும் வருவீங்கன்னு காட்டுதாம். இத்தனை பேர் வர்ற எடம் மோசமாவா இருக்கும்னார்.”

“அப்ப யாருமே பாக்கலியா?”

சுரபி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “எங்கம்மாவோட ஊர் வீட்டை வித்து நானும் அங்க ஒண்ணு வாங்கிட்டேன்க்கா. ரொம்ப நாளா பயமாத்தான் இருந்துச்சு. கூட்டத்துல நீங்க கை தூக்கினீங்க பாருங்க, அப்பதான் நம்பிக்கை வந்துச்சு. அக்கா யோசிக்காமத் தூக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ பாத்துட்டு வந்தேன்னு சொன்னதாலதானடி தூக்குனேன்.”

கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். “ஜெசிந்தா, இன்னா முடிவு பண்ணே?” என்று ஒரு குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் பல குரல்கள் அதையே கேட்டன.