இழுவைப் பாரம்

ஒருகொடவத்தைப் பாலத்தால் இறங்கிச் சமதரைக்கு வந்த பிறகுதான், ஸ்டீயரிங் கையில் இலேசாகிவிட்டதைப் பாலேஸ்வரி உணர்ந்தாள். முன்சக்கரங்கள் றோட்டைத் தொட்டும் தொடாமலும் உருளுவதுபோல் இருந்தது. அடுத்த கணம் இஞ்சினின் சத்தம் இறங்கியது. அக்சிலேட்டரைத் தரைவரை மிதித்தாள். மழைநீர் வழிந்த பக்கக் கண்ணாடியில், பின்னால் கொக்கியில் தொங்கி வந்த வெள்ளை வானை மறைத்துக்கொண்டு கறுப்புப் புகை எழும்பியது.

“இழுக்குதில்லை, நானா.”

பக்கத்தில் இருந்த மெக்கானிக் பலீல் தலையைச் சரித்து இஞ்சினைக் கேட்டார். “ஓரத்துக்கு எடுங்க தங்கச்சி.”

அந்தப் பிரேக்டவுன் லொறி அவளுடைய கணவன் நவரத்தினத்தினுடையது. மாரடைப்பில் அவர் போனதும், லொறியை விற்றுவிடும்படி கொட்டாஞ்சேனையில் எல்லோரும் சொன்னார்கள். அவள் கனரக வாகன லைசன்ஸ் எடுத்தாள். இன்று மத்தியானம் கொன்டெய்னர் யார்ட் மனேஜர் நாகேந்திரம் போன் பண்ணியிருந்தார். யார்ட் மூலையில் கிடக்கும் வான் ஒன்றைத் தெமட்டகொடையில் பழைய இரும்பு வெட்டுகிறவனிடம் கொண்டுபோய் விடவேண்டும். அவ்வளவுதான்.

வானுக்கு நம்பர் தகடு இல்லை. கண்ணாடிகளில் கறுப்புப் பெயின்ற். பின்கதவில் பூட்டு. 2007ஆம் ஆண்டு அது. ஆள் கடத்தும் வெள்ளை வானைக் கண்டாலே கொழும்பில் தமிழ் வீடுகள் யன்னலைச் சாத்திக்கொண்ட காலம். அவளுடைய தம்பி யோகநாதனையும் மாசி மாதம் வெள்ளவத்தை லொட்ஜ் வாசலில் அப்படியொன்றில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொக்கியை மாட்டும்போது அவள் வானை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பலீல் மழையில் இறங்கி பொனற்றைத் திறந்தார். கைப்பம்பை அமுக்கிப் பார்த்தார். குமிழி இல்லாமல் டீசல் சுத்தமாக வந்தது. எயார் கிளீனரைக் கழற்றித் தட்டினார், தூசி இல்லை. புகைக்குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்தார். காற்று தடையில்லாமல் அடித்தது. சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். எந்த பிரேக்கும் இறுகிச் சூடாகியிருக்கவில்லை.

“கறுப்புப் பொகை எண்டா ஒண்டு காத்து பத்தாம ஈக்கணும், இல்லாட்டி பாரம் கூட ஈக்கணும். காத்து நல்லா ஈக்கி.”

“வெறும் வான்தானே, நானா. யார்ட்டில நாங்கள் ரெண்டு பேரும் தள்ளித்தானே கொக்கிக்குக் கொண்டுவந்தம்.”

“கழட்டிப் பாப்பம்.”

வானைக் கழற்றி விட்டு அவள் லொறியை வளைவுவரை ஓட்டினாள். சீறிக்கொண்டு போனது. திரும்பி வந்து மறுபடி மாட்டினாள். கிளச்சை விட்டதும் இஞ்சின் திணறி நின்றுபோனது.

பலீல் வானின் பின்பக்கம் குனிந்தவர் நிமிரவில்லை. அவளும் போய்ப் பார்த்தாள். பின் ஸ்பிரிங்குகள் நேராகப் படுத்திருந்தன. டயர்கள் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்கியிருந்தன. மழை தகரத்தில் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். நெருக்கமாக நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்கும் சத்தம்.

“யா அல்லாஹ்,” என்றார் பலீல். “விட்டுட்டுப் போவம் தங்கச்சி.”

போன் அடித்தது. நாகேந்திரம்.

“இன்னும் போய்ச் சேரேல்லையாம். என்ன பிரச்சினை?”

“வானுக்குள்ள என்ன இருக்கு, ஐயா?”

“ஒண்டுமில்லை. அதை ஏன் நீர் கேக்கிறீர்? பேசாமல் கொண்டுபோய் விட்டிட்டுப் போம். திறக்கக்கூடாது. விளங்குதோ? தனியப் பொம்பிளை நீர். தொழில் செய்யவேணும், கொழும்பில இருக்கவேணும்.”

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காதே, போய்விடு, பேசாமல் இரு என்ற அதே சொற்களை மாசியிலிருந்து தம்பியைத் தேடி எத்தனையோ பொலிஸ் மேசைகளுக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டாள். இனி ஒரு தடவை கேட்க அவளால் முடியாது.

“விளங்குது,” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு லொறியிலிருந்து அலவாங்கை எடுத்து வந்து பூட்டில் கொடுத்து நெம்பினாள்.

கதவு திறந்தது. ஈரத்துணியும் பழைய வியர்வையும் மணத்தன. உள்ளே யாரும் இல்லை. ஸீற்றுகூட இல்லை. வெறும் தகரத் தரை.

வான் அசைந்தது. ஸ்பிரிங் ஒருமுறை முனகி ஒரு விரலளவு உயர்ந்தது. கதவடியில் இருந்த சேற்றில் ஒரு வெறுங்கால் தடம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வான் மறுபடி உயர்ந்தது. மறுபடி ஒரு தடம். பிறகு நிறையத் தடங்கள். பெரியவை. மெலிந்தவை. ஒன்று குதிக்கால் இல்லாதது. எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு லொறியை நோக்கிப் போயின.

லொறி தாழ்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பலீலின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. அவள் கொக்கியைக் கழற்றி வானை அங்கேயே விட்டாள். நடந்துபோய்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“எங்க போறது?” மறுபக்கத்தால் ஏறிக்கொண்டே பலீல் கேட்டார்.

“யார்ட்டுக்கு. நீங்கள் இறங்கிறதெண்டால் இறங்குங்கோ, நானா.”

அவர் இறங்கவில்லை. நடு ஸீற்றை விட்டு ஓரத்துக்கு நகர்ந்து கதவோடு ஒட்டிக்கொண்டார். ஸீற்றின் நடுப்பகுதி மெதுவாக அமுங்கியதை அவரும் கண்டார். அவளுடைய இடது தோளில் குளிர் பட்டது. ஈரச் சேர்ட்டின் குளிர். அவள் திரும்பவில்லை.

“ஆரெண்டாலும் இரு,” என்றாள். “நான் கொண்டுபோறன்.”

முதலாம் கியரில் மட்டும்தான் லொறி நகர்ந்தது. புகை. மழை. பக்கக் கண்ணாடியில் லொறியின் பின்கம்பிகள். கம்பிகளில் நீர் வழியவில்லை. ஏதோ பிடித்திருந்த இடங்களில் மட்டும் நின்று நின்று சொட்டியது.

யார்ட் கேற்றில் நாகேந்திரம் குடையோடு வந்தார். பக்கத்தில் அவருடைய ஜீப் நின்றது.

“வான் எங்க?”

“வான் றோட்டில நிக்குது.” அவள் யன்னலை இறக்கினாள். “பாரத்தை மட்டும் கொண்டுவந்தனான். உங்கடைதானே.”

லொறி உயரத் தொடங்கியது. சேற்றில் தடங்கள் விழுந்தன. நாகேந்திரம் அவற்றைப் பார்த்தார். குடையைப் போட்டுவிட்டு ஜீப்புக்குள் பாய்ந்து கதவை அடித்துச் சாத்தினார். இஞ்சின் அலறியது. சக்கரங்கள் சுற்றின. ஜீப் நகரவில்லை. பின்பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் தாழ்ந்தது. சேறு கதவடிக்கு வந்தது.

ஜீப்பின் கண்ணாடிகளில் உள்ளிருந்து வெள்ளையாக மூச்சாவி படர்ந்தது. அந்த ஆவியில் கைகள் பதிந்தன. எல்லாக் கண்ணாடியிலும். இடம் இல்லாமல்.

ஒரு கை மட்டும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. மற்றக் கைகள் அசையவில்லை.